ஊன உதவித்தொகை பெறுவோரும் வெளியூர்ப் பயணமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழாவென்றால் குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவதே வழக்கம். அதற்குத் தகுதி வாய்ந்த புலவர் பெருமக்கள் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். நாமோ மெட்ரிக் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிக் காலங்கழிப்பவர். ஆதலின் நமக்குத் தெரிந்த பொருளாகிய படிவத்தையும் சான்றிதழையும் பற்றியே பேசத் துணிந்தோம். சுவை குறைவாயினும் பயன் குறையாது என்பது நமது நம்பிக்கை.

தாராவியில் வாழும் அன்பர் ஒருவரின் கதை இது. பெயர் வேண்டுவதில்லை. செம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் அச்சு இயந்திரத்தின் கீழ் அவரது வலக்கை 2018-ஆம் ஆண்டில் நசுங்கியது. இரண்டு விரல்கள் போயின. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்த அவருக்கு, இ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ்த் தற்காலிக ஊன உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. நாட்கூலியில் ஏறத்தாழ 90 விழுக்காடு. அவ்வேளையில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாயார் படுத்த படுக்கையாகிவிட்டாரெனச் செய்தி வந்தது. அன்பர் நம்மிடம் வந்தார். இரயில்வேக்காரர் ஆயிற்றே, பயணச்சீட்டுக்கு வழி செய்வோம் என்ற நம்பிக்கை. நாமும் ஓடியாடி, தாதரிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாளுக்கிய எக்ஸ்பிரசில் ஓர் இடம் பெற்றுத் தந்தோம். சங்கத்தார் வழிச்செலவுக்குச் சிறு தொகையும் கொடுத்தனர். பெரிய உதவி செய்துவிட்டதாக எல்லோரும் மனம் மகிழ்ந்தோம்.

தாயாரை அடக்கம் செய்து, பதினாறாம் நாள் காரியமும் முடித்து, ஒரு மாதத்திற்குப் பின் அவர் திரும்பினார். வந்து பார்த்தால் உதவித்தொகை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வாடகை பாக்கி, அவர் மனைவியாரின் சங்கிலி அடகுக் கடையில். மருத்துவ அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி பெற்றுச் செல்லவில்லை என்பதே காரணம். அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம். இருபதாண்டுகளாக விதிப்புத்தகத்தோடு குடித்தனம் நடத்துகிற நமக்கு அது தோன்றவில்லை. சீட்டு வாங்கிக் கொடுத்த கை, சட்டத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

பின்னர்ப் புரட்டினோம். 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 64-ஆம் பிரிவு என ஒன்று இருந்தது. நோய்க்கால உதவியோ ஊன உதவியோ பெறுகிறவர், திட்டத்தின் மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ சிகிச்சையில் இருத்தல் வேண்டும். குணமடைவதற்கு ஊறு விளைக்கும் செயல் எதனையும் செய்தல் ஆகாது. மருத்துவ அலுவலரின் அனுமதியின்றிச் சிகிச்சை அளிக்கப்படும் பகுதியை விட்டு வெளியேறுதல் கூடாது. பரிசோதனைக்கு அழைத்தால் உடன்பட வேண்டும். இவற்றை மீறினால் குறித்த நாட்களுக்கு உதவித்தொகையை நிறுத்தி வைக்க விதிகள் இடமளித்தன. பிரிவின் நோக்கம் கொடியதன்று. காயம் ஆறுகிறதா என்று பார்க்க வேண்டிய மருத்துவர் மும்பையில் இருக்க, காயம் திருநெல்வேலியில் இருந்தால் என் செய்வது? ஆயினும் தாயின் மரணத்தையும் கேளிக்கைப் பயணத்தையும் ஒரே தராசில் நிறுக்கும் போக்கு நமக்கு உவப்பானதன்று. அனுமதி கேட்டிருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கும் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இ.எஸ்.ஐ. எட்டாத சிறு பட்டறைகள் தாராவியில் எத்தனையோ உள்ளன. தோல் பதனிட வந்த நம் முன்னோர் காலந்தொட்டு இதுவே நிலை. அவற்றில் அடிபட்டவர்க்கு 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே துணையாக இருந்துவந்தது. அதிலும் 11-ஆம் பிரிவு இதே கதைதான்: மருத்துவப் பரிசோதனைக்கு உட்படாமல் வேலை செய்த இடத்தின் சுற்றுப்புறத்தைத் தாமே விட்டுச் சென்றவரின் உரிமை, அவர் திரும்பி வந்து பரிசோதனைக்கு முன்வரும்வரை நின்றுபோகும். கூலி நின்றுவிட்டது, மும்பையில் அரிசி விலை தாளாது, ஊருக்குப் போய்க் கஞ்சியாவது குடிப்போம் என்று புறப்படுவது நம்மவரின் நீண்டநாள் வழக்கம். அவ்வழக்கமே அவர்களது உரிமைக்கு உலை வைத்தது.

2025 நவம்பர் 21 முதல், 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இவ்விரு பழஞ்சட்டங்களின் இடத்தையும் ஏற்றுக்கொண்டுள்ளது. பிரிவின் எண்ணும் படிவத்தின் பெயரும் மாறும். ஆகையால் இன்று நாம் சொன்ன எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு சாளரத்தில் போய் வாதாட வேண்டா. புறப்படுவதற்கு முன் மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பித்து, முத்திரையிட்ட பதிலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்ட பின்னரே வண்டி ஏறுக. வாய்மொழியாகச் சொன்ன அனுமதி, அதிகாரி மாற்றலாகிப் போனவுடன் காற்றோடு போய்விடும். இதனை நாம் அலுவலக அனுபவத்தால் சொல்கிறோம்.

நிற்க. அன்பரின் கதை இன்னும் முடியவில்லை. மருத்துவக் குழு அவரைப் பரிசோதித்து, உழைப்புத் திறனில் இத்தனை விழுக்காடு இழப்பு என்று கணக்கிட்டு, நிரந்தர ஊன உதவித்தொகை வழங்கிற்று. இதற்கிடையில் அவருடைய மூத்த மகள் மணமாகிச் சிங்கப்பூர் சென்றார். 2022-இல் பேரன் பிறந்தான். வந்து பாருங்கள் என்று மகள் சீட்டே அனுப்பினார். அன்பர் போகவில்லை. அடுத்த ஆண்டும் அழைத்தார், போகவில்லை. உடல்நலம் சரியில்லை என்று சாக்குச் சொல்லி வந்தார். ஒரு நாள் மாட்டுங்காவில் பூக்கடைத் தெருவில் நம்மைக் கண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, ஊருக்குப் போனதுக்கே காசை நிறுத்தினாங்க. கடல் தாண்டினா ஒரேயடியா நிறுத்திருவாங்களோ?"

நாம் திகைத்துப் போனோம். முதலில் அறியாமையால் நட்டம். பிறகு அரைகுறை அறிவால் அதைவிடப் பெரிய நட்டம்! அந்த 64-ஆம் பிரிவே, நிரந்தர ஊனத்திற்கு உதவி பெறுவோரை நீக்கி ஏனையோர்க்கு மட்டுமே கட்டுப்பாடு விதித்திருந்தது. தற்காலிகம் என்பது சிகிச்சைக் காலம். நிரந்தரம் என்பது இழந்த உறுப்புக்கு ஈடு. ஈட்டுத்தொகை பெறுகிறவரை ஊரோடு கட்டிப்போட எவர்க்கும் தேவை இல்லை. அவர் செய்ய வேண்டியதெல்லாம், உயிரோடிருக்கிறேன் என்பதற்கான வாழ்வுச் சான்றை உரிய காலத்தில் கொடுப்பதும், வங்கிக் கணக்கை உயிரோடு வைத்திருப்பதுமே. "அண்ணாச்சி, இதை இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்கக் கூடாதா?" என்றோம். "உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று இருந்தேன்" என்றார். பேரன் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டான்.

வாழ்வுச் சான்று என்றதும் நம் இரயில்வே ஓய்வூதியர்களுக்கு ஒரு சொல். பணியில் ஊனமுற்று ஓய்வூதியம் பெறுவோர்க்கும் இது பொருந்தும். ஆண்டுதோறும் நவம்பரில் சான்று தரவேண்டும். எண்பது வயது கடந்தோர் அக்டோபர் முதல் நாளிலிருந்தே தரலாம். 2014 நவம்பர் 10-இல் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் முறையால் கைரேகை கொண்டே இங்கு முடித்துவிடலாம். மகன் வீட்டுக்கு வெளிநாடு சென்றிருக்கும்போது நவம்பர் வந்துவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலரிடம் சான்று பெற்று அனுப்பலாம். சான்று வரவில்லையென்றால் ஓய்வூதியம் நிற்குமேயன்றி உரிமை அழிந்துவிடாது. சான்று சேர்ந்ததும் நிலுவையோடு வரும். மகாராட்டிர அரசின் சஞ்சய் காந்தி நிராதார் உதவி வேறு வகையைச் சேர்ந்தது. அது 15 ஆண்டேனும் இம்மாநிலத்தில் வாழ்ந்தவர்க்கு உரியது. குடும்பத்தோடு ஊருக்கே குடிபெயர எண்ணுவோர் அதனை முன்கூட்டியே சிந்திக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் பலர் கடல் கடந்து வாழ்வதால் அந்நாடுகளின் நிலையையும் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். இங்கிலாந்தில் பி.ஐ.பி. என்னும் ஊன உதவி பெறுகிறவர் தற்காலிகமாக வெளிநாடு சென்றால் 13 வாரம் வரையும், மருத்துவத்திற்காகச் சென்றால் 26 வாரம் வரையும் தொகை தொடர்கிறது. ஆத்திரேலியாவில் ஊன ஓய்வூதியத்திற்குப் பொதுவான வரம்பு ஓராண்டில் 28 நாட்கள். அமெரிக்காவில் ஏழை ஊனமுற்றோர்க்குத் தரும் எஸ்.எஸ்.ஐ. தொகை, தொடர்ந்து 30 நாட்கள் வெளியே இருந்தால் நின்றுவிடும். உழைத்துச் செலுத்திய காப்பீட்டின்வழி வருவதோ குடிமக்களுக்குப் பெரும்பாலும் தொடரும். ஆகவே அத்தகைய உறவினர் மூன்று மாதம் இங்கே தங்கிப் போகட்டுமே என்று நாம் அன்பினால் வற்புறுத்தும்போது, அவர்கள் விழிப்பதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

பயணத்தைப் பற்றிப் பேசிவிட்டு இரயிலைப் பற்றிப் பேசாமலிருக்க நம்மால் இயலாது. 2020 மார்ச்சில் முதியோர் சலுகை நிறுத்தப்பட்டபோது, எல்லாச் சலுகையும் போயிற்று என்று காலனியில் பேச்சு. மாற்றுத் திறனாளிகளுக்குரிய சலுகை போகவில்லை. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத உடற்குறையுடையோர்க்கும் உடன் செல்லும் ஒருவர்க்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பு ஆகியவற்றில் 75 விழுக்காடு கட்டணக் குறைப்பு உண்டு. இதற்கென இரயில்வே வழங்கும் அடையாள அட்டையை முன்னரே பெற்றுவிடுங்கள். புறப்படும் நாளன்று ஓடிவந்தால் நாம் என்ன, எமது மேலதிகாரியாலும் ஒன்றும் ஆகாது.

விமானத்திலும் உரிமை உண்டு. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் 48 மணி நேரத்திற்கு முன்பே தெரிவித்துவிடுவது நன்று. 2012-இல் கல்கத்தாவிலிருந்து கோவாவுக்குப் புறப்பட்ட ஜீஜா கோஷ் என்னும் அம்மையாரை, மூளை முடக்குவாதம் உடையவர் என்பதற்காக விமானத்திலிருந்து இறக்கிவிட்டனர். அவர் சும்மா இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2016-இல் அவருக்குப் பத்து இலட்ச ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. நம் அன்பரிடம் இதனைச் சொன்னபோது, "விரல் இல்லாததற்கு யாரும் இறக்கிவிட மாட்டார்களே?" என்று சிரித்தார். அவர் சிரித்து நாம் பார்த்தது அன்றுதான்.

சென்ற ஆண்டு அவர் சிங்கப்பூர் சென்று வந்தார். புறப்படுமுன் கிளை அலுவலகத்திற்கு எழுதிய கடிதத்தை நாமே வரைந்தோம். அவர் இடக்கையால் ஒப்பமிட்டார். தொகை ஒரு மாதமும் தவறவில்லை. செயற்குழுவின் இசைவோடு, இனி ஞாயிறு காலைகளில் சங்க அறையில் எழுத்தர் இருவர் அமர்ந்திருப்போம். ஊருக்கோ வெளிநாட்டுக்கோ செல்ல இருக்கும் உதவித்தொகையாளர்கள், சீட்டு வாங்குவதற்கு முன் தங்கள் தாள்களோடு அங்கு வருக.