மலிவான டயரா? மதிப்பான டயரா?

(குடும்பச் செலவில் சிக்கனம் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை உரிமையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் மளிகைச் செலவு, மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு எனப் பல பயனுள்ள கருத்துகளைச் சொன்னார்கள். நான் பட்டறைக்காரன். கிள்ளானில் 20 ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார் சைக்கிள் பழுது பார்த்து வருகிறேன். எனக்குத் தெரிந்த சிக்கனம் டயர் சிக்கனம். அதைப் பற்றியே பேசுகிறேன்.

"அண்ணே, இருக்கிறதிலேயே மலிவா ஒன்னு போட்டு விடுங்க." என் பட்டறையில் நான் அதிகம் கேட்கும் வார்த்தை இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பியும் இதையே சொன்னார். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் நாள் சம்பளத்துக்கு வேலை. அவர் கேட்டபடியே, கடையின் பின்பக்கம் வெகு நாளாகத் தொங்கிக் கொண்டிருந்த ஒரு டயரை எடுத்து மாட்டினேன். பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் நல்ல மழை. கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் ஒரு வளைவில் சறுக்கி விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தார். டயரில் அவர் மிச்சப்படுத்தியது ஏறக்குறைய 40 வெள்ளி. இழந்தது ஒன்றரை மாதச் சம்பளம்.

மழை, சாலையில் சிந்திய எண்ணெய், வேகம் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆனால் வண்டி பட்டறைக்கு வந்தபோது அந்த டயரின் தயாரிப்புத் தேதியைப் படித்தேன். ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மாட்டுவதற்கு முன் படித்திருக்க வேண்டியவன் நான். அந்தத் தம்பி என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். ஆகவே டயரில் சிக்கனம் என்றால் உயிரையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

விலையைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள்

ஓர் உதாரணக் கணக்குச் சொல்கிறேன். ஒரு டயர் 50 வெள்ளி, 8,000 கிலோமீட்டர் ஓடும். இன்னொன்று 110 வெள்ளி, 18,000 கிலோமீட்டர் ஓடும். ஒவ்வொரு முறையும் மாற்றுக்கூலி 10 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். முதல் டயருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு 7 வெள்ளி 50 சென் ஆகிறது. இரண்டாவதற்கு 6 வெள்ளி 67 சென்.

கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வேலைக்குப் போகிறவர் போக வர 50 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர். மலிவான டயர் போட்டால் அவருக்கு ஆண்டுக்கு 112 வெள்ளி 50 சென் செலவு. விலை கூடியதைப் போட்டால் 100 வெள்ளி. கடையில் நிற்கும்போது நம்மைப் பயமுறுத்தும் அந்த 60 வெள்ளி வித்தியாசம் எங்கே போயிற்று? ஆண்டுக் கணக்கில் அது செலவே இல்லை, 12 வெள்ளி 50 சென் மிச்சம்.

இதை வைத்து எல்லாரும் விலை கூடிய டயரை வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். சந்தைக்கும் கோயிலுக்கும்தான் போய் வருகிறார். ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர். 18,000 கிலோமீட்டர் ஓடும் டயரை அவர் தேய்க்க ஆறு ஆண்டு ஆகும். அதற்குள் ரப்பர் முதுமை அடைந்துவிடும். அவருக்குப் புதிதாகத் தயாரிக்கப்பட்ட, விலை குறைந்த, நல்ல டயரே போதும். முதலில் நீங்கள் ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று தெரிந்து கொள்ளுங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. விலை கூடியது எல்லாம் அதிக நாள் உழைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வேகமாக ஓட்டுவதற்கென்றே செய்த மென்மையான ரப்பர் டயர் சாலையை நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். மிகக் கடினமான ரப்பர் வெகு தூரம் ஓடும், ஆனால் ஈரச் சாலையில் அதன் பிடிப்புக் குறைவாக இருக்கும். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ளதே நல்லது. நம் ஊரில் மாலை நேர மழை நமக்குத் தெரியாதா? எனவே மழையில் எப்படி என்று கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள்.

டயரைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது. டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தேடுங்கள். அந்த வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 1523 என்றால் 2023ஆம் ஆண்டின் 15ஆவது வாரத்தில் செய்தது. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ரப்பருக்கும் வயது உண்டு. வெயிலும் காற்றும் பட்டு அது இறுகும், வெடிப்பு விடும். ஓடாமல் சும்மா இருந்தாலும் முதுமை வரும். தேதி பழையதாக இருந்தால், வேறு கொடுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது அளவு. 70/90-17 என்றால் அகலம் 70 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 90 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். அதன் அருகில் இருக்கும் எண் சுமையைச் சொல்லும். 38 என்றால் அந்த டயர் 132 கிலோ வரை தாங்கும். மனைவி பிள்ளையை ஏற்றிச் செல்பவர்களும், பெட்டி கட்டி உணவு கொண்டு போகும் தம்பிகளும் இதைக் கவனிக்க வேண்டும். அழகுக்காக மெல்லிய டயர் போடாதீர்கள். வண்டிக் கையேட்டில் சொன்ன அளவையே போடுங்கள். பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயரின் வரிப்பள்ளத்தை மலாய் மொழியில் 'புங்கா' என்பார்கள். புங்கா என்றால் பூ. மழைநீரை ஒதுக்கித் தள்ளுவது இந்தப் பூதான். பள்ளத்துக்குள் ஆங்காங்கே ஒரு சிறு மேடு இருக்கும். பூ தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. பூவின் ஆழம் தெரியாமல் மழையில் வண்டியை விடாதீர்கள். பின் டயர்தான் பொதுவாகச் சீக்கிரம் தேயும் என்பதால் பலர் அதை மட்டும் மாற்றிவிட்டு முன் டயரை மறந்துவிடுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடையெல்லாம் முன்னால்தான் விழுகிறது. அதையும் பாருங்கள்.

கம்பி ரிம்மில் டியூப் உள்ள வண்டியாக இருந்தால் டயரோடு டியூபையும் மாற்றுங்கள். புது டயருக்குள் பழைய டியூப் மடிந்து கிழியும். டியூப் ஆணி குத்தினால் சட்டென்று காற்றை விட்டுவிடும்.

காற்றுதான் ஆயுள்

எவ்வளவு நல்ல டயர் வாங்கினாலும் காற்று சரியில்லை என்றால் பணம் வீண். காற்றுக் குறைந்தால் டயர் நெளிந்து சூடாகும், ஓரங்கள் தேயும், பெட்ரோலும் கூடும். காற்று அதிகமானால் நடுப்பகுதி மட்டும் தேயும், சாலைப் பிடிப்பும் குறையும். எவ்வளவு வேண்டும் என்பது கையேட்டிலோ செயின் கவரில் ஒட்டிய தாளிலோ இருக்கும். தனியாகப் போக ஓர் அளவு, பின்னால் ஆள் ஏற்றினால் ஓர் அளவு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வண்டி சூடாகும் முன், காலையில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. புது டயர் போட்டவர்கள் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டுங்கள். புது ரப்பரின் மேற்பரப்பு வழுக்கும்.

அந்தத் தம்பி இன்றும் என் பட்டறைக்குத்தான் வருகிறார். இப்போது அவருக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. டயர் மாற்ற வந்தால் விலையைக் கேட்பதற்கு முன், "அண்ணே, தேதியைக் காட்டுங்க" என்பார். நான் டயரைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டுவேன். நீங்களும் உங்கள் பட்டறையில் அப்படிக் கேளுங்கள். கேட்டால் கடைக்காரர் கோபித்துக் கொள்ள மாட்டார். கோபித்தால் வேறு கடை பாருங்கள்.