இடமறிந்து ஏறும் வாகனம்



திருக்குறளின் ஐம்பதாவது அதிகாரம் இடனறிதல். பகைவரை எதிர்கொள்ளும் அரசன் தனக்கேற்ற இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லவந்த வள்ளுவர், அங்கே ஒரு வாகன உவமையை வைக்கிறார். வலிய சில்லுகள் பூட்டிய நெடுந்தேர் கடலில் ஓடாது. கடலில் ஓடும் மரக்கலம் தரையில் ஓடாது. அந்தக் குறளின் கருத்து இவ்வளவுதான். பல ஆண்டுகளாக வகுப்பறையில் இதனைக் கற்பித்து வருகிறேன். ஆனால் அதன் பொருள் என் நெஞ்சில் தைத்தது 2022 யூலை மாதத்து இரவொன்றிலேதான்.

எங்கள் மண்டூர், மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் இருக்கிறது. ஓடத்தையே 'பாதை' என்று சொல்லிக் குருமண்வெளிக்குக் கடந்து பழகியவர்கள் நாங்கள். வாகனத்தில் போவதென்றால் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் எழுவான்கரைக்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு யூன் இறுதியில், தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் வழங்குவதே நிறுத்தப்பட்டிருந்தது. அதற்குச் சற்று முன்னர் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகவும், டீசல் 460 ரூபாவாகவும் உயர்ந்திருந்தன. அப்படியான ஓர் இரவில் என் தாயாருக்கு மூச்சுத்திணறல் கண்டது. அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. என் மனைவியின் தம்பியிடம் பெரிய ஜீப் ஒன்று உண்டு. ஊரிலே அதற்குத் தனி மதிப்பு. ஓடிப்போய்க் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தாங்கியில மூண்டு லீற்றர் டீசல்தான் கிடக்கு அத்தான். அது மட்டக்களப்புக்குக் காணாது."

உண்மைதான். அந்த ஜீப் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடும். மூன்று லீற்றரில் இருபத்துநான்கு கிலோமீற்றரோடு நின்றுவிடும். அயல்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரரிடம் 800 சீ.சீ. சிறிய கார் ஒன்று இருந்தது. அதிலும் மூன்று லீற்றர் பெற்றோல்தான். ஆனால் அது லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் ஓடும். "ஏறுங்க மாஸ்ரர், போய்ச் சேர்ந்திரலாம். வாறத மறுகா பாப்பம்" என்றார். தாயார் பிழைத்தார். கார் மூன்று நாள் வைத்தியசாலைக்கு அருகே ஒரு மரநிழலில் நின்றது.

அதன்பின் கியூ.ஆர். முறை வந்தது. காருக்கும் வானுக்கும் வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்பது தொடக்கத்தில் இருந்த ஒதுக்கீடு. ஓய்வுநேரத்தில் இதை மாணவர்களுக்கு ஒரு கணக்காகக் கொடுத்தேன். அந்த இருபது லீற்றரில் ஜீப் ஓடியது 160 கிலோமீற்றர். சிறிய கார் ஓடியது 400 கிலோமீற்றர். லீற்றருக்கு ஐம்பது கிலோமீற்றர் ஓடும் என் மோட்டார் சைக்கிளோ நாலே லீற்றரில் 200 கிலோமீற்றர் ஓடியது. ஜீப்புக்காரரை மோட்டார் சைக்கிள்காரர் முந்திவிட்டார் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். 2023 செப்டெம்பரில் அந்த முறை கைவிடப்பட்டது. ஆனால் கணக்கு மாறவில்லை. பெற்றோலியம் முழுவதையும் வெளிநாட்டிலிருந்தே வாங்கும் நாடு இது. நாம் வீணே எரிக்கும் ஒவ்வொரு லீற்றரும் நாட்டின் அந்நியச் செலாவணியில் ஒரு பங்கு.

அப்படியானால் பெரிய வாகனமே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தை நேரிலே கண்டவன் நான். வீதி எது, வயல் எது என்று தெரியாதபடி தண்ணீர் நின்றபோது, கிழவர்களையும் குழந்தைகளையும் ஏற்றி வந்தவை உழவு இயந்திரப் பெட்டிகள்தாம். சிறிய கார்கள் அன்று முற்றத்திலேயே மூழ்கிக் கிடந்தன. ஆவணித் திருவிழாவுக்கு ஒரு குடும்பமே வானில் வந்து இறங்கினால், ஆளுக்கு விழும் எரிபொருள் சொற்பமே. பத்துப் பேரைச் சுமக்கும் வாகனம் பெரியதாக இருப்பதில் நியாயம் உண்டு. ஒருவர் மட்டும் ஏறிச்சென்று கையெழுத்திட்டுத் திரும்புவதற்கு இரண்டு தொன் இரும்பு ஏன் என்பதே என் கேள்வி.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. கடன் எடுத்தாவது ஒரு வாகனம் வாங்குவதென்று நாங்களும் துணிந்தோம். மைத்துனர் ஒரு பழைய ஜீப்பைப் பார்த்து வைத்திருந்தார். "மாரி வந்தா இந்தச் சின்னக் கார் வெள்ளாவெளி றோட்டில நிண்டிரும் அத்தான். மறுகா, ஒரு மாஸ்ரருக்கு மதிப்பு வேணாமா?" என்றார்.

முதல் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆகவே நானும் மனைவியும் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினோம். எங்கள் வீதியில் தண்ணீர் ஏறும் நாட்கள் ஆண்டுக்குப் பத்து அல்லது பதினைந்து. அந்தப் பதினைந்து நாளுக்காக மற்ற முந்நூற்றைம்பது நாளும் இரண்டரை மடங்கு எரிபொருள் ஊற்ற வேண்டுமா? அந்த வித்தியாசம், பல்கலைக்கழகம் போகவிருக்கும் மகளின் விடுதிச் செலவு. இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. மூன்று லீற்றரோடு முற்றத்தில் நின்ற ஜீப்பை அவரும் மறந்திருக்க மாட்டார்.

பாவித்த சிறிய கார் ஒன்றையே வாங்கினோம். வெள்ளம் வந்தால் அது மேட்டுக் காணியில் நிற்கும்; நான் அயலவரின் உழவு இயந்திரத்தில் போவேன். அதற்குக் கூலியும் பேசியாயிற்று.

நேயர்களே, வாகனம் வாங்கும்போது நம்மில் பலர் ஆண்டில் ஒருநாள் வரும் கலியாண ஊர்வலத்தை நினைத்து வாங்குகிறோம். நாளாந்தம் போகும் பாதையை நினைத்து வாங்குங்கள். எத்தனை பேர், எவ்வளவு தூரம், எப்படிப்பட்ட வீதி என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தேருக்குரிய இடத்தையும் மரக்கலத்துக்குரிய இடத்தையும் பிரித்துக் காட்டிய வள்ளுவர் நமக்குச் சொல்வதும் அதுவே.