அடைக்கலம் தேடி வருவோர்க்கு ஆலயம் ஆற்றும் கடமை

(நவராத்திரி விழாவின் மூன்றாம் நாள் மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒன்பது இரவும் அன்னையைக் கொண்டாடுகிறோம். அடிபட்ட கையைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு ஒரு தாய் இதே மண்டபத்தில் அமர்ந்திருக்கக்கூடும். அவரைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1991ஆம் ஆண்டு. தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியராக இருந்தேன். ஒரு மாணவியின் தாயார் பள்ளி விட்ட பிறகு வந்து, "சார், வீட்டுல அவரு கை நீட்டுறாரு. புள்ள பயந்து போயிருக்கு" என்றார். "பிள்ளை முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பொறுத்துப் போங்கம்மா" என்றேன். அதோடு விட்டேனா? மறுநாள் கணவரை வரவழைத்துப் புத்திமதி சொன்னேன். அவரும் கைகட்டிக் கேட்டு, "இனிமே நடக்காது சார்" என்று போனார். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்த நிறைவோடு வீடு திரும்பினேன். மூன்று நாள் கழித்துப் பள்ளிக்கு வந்த அந்தச் சிறுமி சொன்னாள்: "நீங்க அப்பாகிட்ட பேசுனதுக்குத்தான் அம்மாவுக்கு அடி சார்." அந்தத் தாயார் அதன் பிறகு என்னிடம் வாய் திறக்கவில்லை.

அன்று மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996இல்தான் நடப்புக்கு வந்தது. ஆனால் நான் செய்த தவற்றுக்குச் சட்டம் இல்லாதது காரணமன்று. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று கேட்டு வளர்ந்த என் மனம்தான் காரணம். அடித்தவர் அழுது மன்னிப்புக் கேட்பார், சில நாள் அன்பாக இருப்பார், மறுபடியும் அடிப்பார். இந்தச் சுழல் புத்திமதியால் நிற்பதில்லை.

ஆகவே அன்பர்களே, ஒரு பெண் நம்மிடம் வந்து சொன்னால், முதலில் நம்புங்கள். "நீ என்ன செய்தாய்?" என்று கேளாதீர்கள். கணவரை அழைத்துப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லாதீர்கள். "உடனே கிளம்பு" என்றும் நெருக்காதீர்கள். வீட்டை விட்டு வெளியேறும் நேரமே மிகவும் ஆபத்தானது. எப்போது, எப்படி என்பதை அவரே முடிவு செய்யட்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

வழிகள் இன்று உண்டு. 2018 முதல், சமூக நல இலாகா அதிகாரியே 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். அதற்குப் போலீஸ் புகார் கட்டாயமில்லை. புகார் செய்தபின், விசாரணை நடக்கும் காலத்துக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை தரும். எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம். காயம் பட்டவரை அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்; மருத்துவரின் பதிவு பின்னர் சாட்சியாகும். 15999 என்ற தாலியான் காசே எண் இரவு பகல் இயங்குகிறது. 1982இல் பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கிய மகளிர் உதவி அமைப்பு, பிள்ளைகளுடன் வருவோர்க்கும் தங்குமிடம் தருகிறது.

ஆனால் தங்குமிடம் சில காலத்துக்குத்தான். அதன் பிறகு வீட்டு வாடகை முன்பணம், பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணம், ஒரு மாத மளிகை ஆகியவற்றுக்கு வழி தெரியாமல்தான் பலர் அடிக்கும் வீட்டுக்கே திரும்புகிறார்கள். அங்கேதான் நம் அறநிலையம் கைகொடுக்க வேண்டும். அன்னதானத்துக்கும் கல்விக்கும் நீங்கள் வாரி வழங்குகிறீர்கள். இதற்கும் ஒரு பங்கு ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை: உதவி பெறுவோரின் பெயரோ படமோ இம்மலரில் இடம்பெறக்கூடாது. மேடையில் அழைத்துக் கொடுக்கும் உதவி அன்று இது.

அந்த மாணவிக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவள் தாயாரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதை உங்களிடம் ஒப்படைக்கிறேன்: "நீங்க சொல்றத நம்புறேன்மா. உங்க மேல தப்பில்ல. என்ன உதவி வேணும், சொல்லுங்க."