நகத்தில் விழும் டியூப்லைட்



முகூர்த்த மாதம் வந்துவிட்டால் பார்லருக்குப் போய் ஜெல் பாலிஷ் போட்டுக்கொள்வது இப்போது சின்ன ஊர்களிலும் சகஜமாகிவிட்டது. செலவைப் பார்த்து, ஒரு குட்டி லேம்ப்பும் நாலைந்து பாட்டிலும் ஆன்லைனில் வரவழைத்து வீட்டிலேயே போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து அடிக்கடி வருகிற கேள்வி இது: "பார்லரில் போட்டால் கண்ணாடியாக மின்னுகிறது, நானே போட்டால் ஏன் மங்கிப்போய் மேடுபள்ளமாக இருக்கிறது?" பழி பெரும்பாலும் கடைசியாகப் பூசும் டாப் கோட் பாட்டிலின் மேல்தான் விழும். அதைவிட விலை கூடியதாக ஒன்று வாங்குவார்கள். அதிலும் அதே கதைதான்.

பளபளப்பு எந்தப் பாட்டிலிலும் அடைத்து வருவதில்லை. வழவழப்பான பரப்பில் பட்ட ஒளி கலையாமல் சீராகத் திரும்பும்போது பளபளப்பு தெரிகிறது. பரப்பில் கீறலும் மேடும் இருந்தால் ஒளி நாலா பக்கமும் சிதறும், பார்வைக்கு மங்கலாகிவிடும். நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். அதனால் விரல் தடவித் தெரியாத நுண்ணிய கீறல்கூட ஒளியைக் கலைத்துவிடும்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். கையை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து, நகத்தில் விழுகிற வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். கையை மெல்லச் சாய்த்தால் அந்தக் கோடு நகத்தின் மேல் நகரும். நெளியாமல் நகர்ந்தால் பரப்பு சமம். நடுவில் வளைந்தாலோ இரண்டாகப் பிரிந்தாலோ அங்கே ஒரு மேடோ பள்ளமோ இருக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் டாப் கோட்டைத் திறப்பதற்கு முன்பே இந்தக் கோட்டைப் பார்த்துவிடுவார்கள். பட்டி பார்க்காத சுவரில் உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் சுவரின் குறை மறையாது, வெளிச்சம் பட்டதும் இன்னும் எடுப்பாகத் தெரியும். டாப் கோட்டும் அப்படித்தான்.

ஆகவே வேலை அடியிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் நகத்தின் இயற்கையான மினுமினுப்பை எடுத்துவிட வேண்டும்! மெல்லிய பஃபரால் லேசாகத் தேய்த்தால் போதும், நகம் இளைக்கும்வரை அல்ல. நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைப் பின்னுக்குத் தள்ளி, தூசியைத் தட்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். விரலில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் ஜெல் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிக்கொள்ளும். வயதானால் நகத்தில் நீளவாக்கில் வரிகள் விழும். அவற்றை நிரப்ப, கொஞ்சம் கெட்டியான பேஸ் கோட் தனியாகக் கிடைக்கிறது.

பாட்டிலைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். பூசும்போது மெல்லியதாகப் பூசுங்கள். கெட்டியாக ஒரு பூச்சைவிட மெல்லியதாக இரண்டு எப்போதும் மேல். கறுப்பு, கரும்பச்சை போன்ற அடர் நிறங்களில் இதை மீறவே கூடாது. நிறமி ஒளியை மேலேயே வாங்கிக்கொள்வதால் அடிவரை ஒளி போய்ச் சேராது. மேற்பரப்பு மட்டும் இறுகிச் சுருங்க, பாலாடையில் விழுவதுபோல் மடிப்பு விழும். பூசி முடித்ததும் சில விநாடி கையை அசைக்காமல் வைத்தால் ஜெல் தானே பரவிச் சமமாகும். அந்தச் சில விநாடிகளை அவசரக்காரர்கள் லேம்ப்புக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

பழைய நெயில் பாலிஷ் போட்ட பழக்கத்தில் விரலை ஊதுவோம், ஃபேனடியில் உட்காருவோம். சாதாரணப் பாலிஷில் கரைப்பான் ஆவியாகிப் பூச்சு காய்கிறது. ஜெல் அப்படிக் காய்வதில்லை. அதிலுள்ள சிறு மூலக்கூறுகள் புறஊதா ஒளி பட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகுகின்றன. பல் மருத்துவர் நீல விளக்கைக் காட்டிப் பல்லை அடைக்கிறாரே, அதன் வேதியியலும் கிட்டத்தட்ட இதுவே. செயற்கை நகத்தின் கதையே பல் மருத்துவத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1950களில் ஃப்ரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், உடைந்த தன் நகத்துக்குப் பல் வைத்தியத்துக்கான அக்ரிலிக்கைக் கொண்டு மாற்று செய்துகொண்டார் என்பார்கள். ஆக, ஜெல்லுக்கு ஃபேனால் ஒரு பயனும் இல்லை. அது கிளப்பும் தூசியும் நூலும் ஈர ஜெல்லில் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

லேம்ப்பில் கை வைக்கும்போது கட்டைவிரலைக் கவனியுங்கள். மற்ற நான்கு விரல்களும் மேலே பார்த்திருக்க, கட்டைவிரல் நகம் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். ஒளி நேராக விழாததால் அரைகுறையாக இறுகும். கட்டைவிரல்கள் இரண்டையும் தனியாக வைத்துக் காட்டுவதே சரி. சுரீரென்று சூடு தெரிந்தால் பூச்சு கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். இறுகும்போது ஜெல் வெப்பத்தை வெளிவிடும். கையை வெளியே எடுத்து, சற்றுப் பொறுத்து மறுபடி வையுங்கள்.

அதிகம் பேர் ஏமாறுகிற கட்டம் இனிமேல்தான். லேம்ப்பிலிருந்து எடுத்த நகத்தைத் தொட்டால் பிசுபிசுக்கும். காயவில்லையென்று நினைத்துத் திரும்பத் திரும்ப உள்ளே விடுவார்கள். எத்தனை தடவை விட்டாலும் பிசுபிசுப்பு போகாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் மூலக்கூறுகள் கோத்துக்கொள்வதைத் தடுத்துவிடுவதால் மெல்லிய படலம் ஒன்று இறுகாமல் நிற்கிறது. கீழே எல்லாம் இறுகித்தான் இருக்கும். அந்தப் படலத்தை ஆல்கஹாலால் துடைத்தெடுக்க வேண்டும், அதுவும் உடனே அல்ல. நகம் சூடாக இருக்கும்போதே துடைத்தால் மினுக்கம் போய்விடும். ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். பஞ்சு நூல் விடும், எனவே நூல் பிரியாத துணித்துண்டு நல்லது. ஒரே துண்டால் பத்து விரலையும் துடைத்தால் முதல் விரலில் எடுத்த பிசினைக் கடைசி விரலில் பூசுவதாகத்தான் முடியும். துடைக்கத் தேவையில்லாத டாப் கோட்டும் கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் போடுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெள்ளை, இளஞ்சிவப்பு மாதிரி வெளிர் நிறம் போட்டுக்கொண்டு சாம்பார் சாதத்தைப் பிசைந்தால் மஞ்சள் ஏறிவிடும். ஆல்கஹால் தொட்ட துணியால் சீக்கிரமே துடைத்தால் ஓரளவு போகும். வெயிலிலும் மஞ்சள் நிறம் மங்கும். சமையல் வேலை அதிகமுள்ளவர்கள் அடர் நிறம் போட்டுக்கொள்வது நிம்மதி.

இரண்டு எச்சரிக்கைகள். இறுகாத ஜெல் தோலில் படக் கூடாது. பட்டால் லேம்ப்பில் வைப்பதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும். திரும்பத் திரும்பப் பட்டால் அதிலுள்ள மெத்தாக்ரிலேட் வகைப் பொருள்களுக்கு ஒவ்வாமை வரலாம். அது ஒருமுறை வந்துவிட்டால் அதே இனப் பொருள்கள் சேர்ந்த பல் சிகிச்சையிலும் தொல்லை கொடுக்கக்கூடும். அடுத்தது லேம்ப். அதன் ஒளி செல்களின் டிஎன்ஏவைப் பாதிப்பதை 2023-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வு காட்டியது. அது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் கண்டது, அதைக் கொண்டு மனிதருக்குப் புற்றுநோய் வரும் என்று முடிவுகட்ட முடியாது. இருந்தாலும் விரல்நுனி மட்டும் வெளியே தெரியும் கையுறை போட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை. பாட்டில் வாங்கும்போது டிபிஓ என்ற பொருள் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் அதைத் தடை செய்திருக்கிறது.

நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். இரண்டு மூன்று வாரத்தில் அடியில் இடைவெளி தெரிந்து, ஓரம் லேசாகத் தூக்கும். விரல் சும்மா இருக்காது, பிய்க்கச் சொல்லும். பிய்த்தால் ஜெல்லோடு நகத்தின் மேலடுக்கும் உரிந்து வரும். அடுத்த முறை எவ்வளவு நல்ல டாப் கோட் போட்டாலும் டியூப்லைட் கோடு நெளியத்தான் செய்யும். மேற்பூச்சை லேசாகத் தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, மேலே அலுமினியத் தாளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஜெல் நெகிழ்ந்து தானாக எழும்பும். எழும்பாவிட்டால் சுரண்டாமல் இன்னும் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள். அசிட்டோன் தீப்பற்றும் பொருள், அடுப்படியில் உட்கார்ந்து செய்ய வேண்டாம்.