பழைய ஆஸ்பத்திரிக்கு எந்தப் போர்வை?

லண்டன் கைஸ் மருத்துவமனையின் 34 மாடிக் கோபுரம் 1974-ல் திறக்கப்பட்டது. காலப்போக்கில் வெளிப்புறக் கான்கிரீட் பெயர்ந்து விழ ஆரம்பிச்சது. என்ன செய்யலாம்? இடிச்சுக் கட்டினா, நோயாளிகளை எங்கே கொண்டுபோறது? பெயர்ந்த இடத்தை மட்டும் பூசினா, சில வருஷத்தில் மறுபடி சாரம் கட்டணும். கடைசியில் கான்கிரீட்டைச் சரிசெய்து, வெளியே அலுமினியத் தகடும் புது ஜன்னலும் போர்த்தினாங்க. 2014-ல் வேலை முடிந்தது, சிகிச்சை நிற்கவில்லை.

ஆனால் தகடு எல்லாம் ஒன்றல்ல. 2017 ஜூன் 14 அன்று அதே லண்டனில், கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயில் 72 பேர் இறந்தார்கள். அங்கே அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் இருந்தது எரியக்கூடிய பிளாஸ்டிக். அதனால விலையை மட்டும் பார்த்துத் தேர்வு செய்யக் கூடாது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரால் எழுந்து ஓட முடியாது, இல்லையா?

நம்ம ஊர் அரசு மருத்துவமனையில் காரை பெயர்ந்து கம்பி தெரிஞ்சா, அடியில் நிற்காதீங்க. மருத்துவமனை அலுவலகத்தில் உடனே சொல்லுங்க. தள்ளி நின்று போனில் படம் எடுங்க; நோயாளிகள் முகம் வேண்டாம். எந்த வார்டு, எந்தப் பக்கம் என்று குறிச்சுக்கிட்டு, 1100-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதியுங்க. புகார் எண்ணை மறக்காமல் வாங்கி வைங்க.