மூக்கிரட்டையில் வாழும் இறகுப் பூச்சி



வெள்ளைத் துணி கட்டி, புற ஊதா விளக்கு போட்டு, விட்டில்களை வரவழைக்கும் முறை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். அதை மறுபடி விளக்கி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு நான் பேச வந்தது ஒரே ஒரு சிறு அந்துப்பூச்சியைப் பற்றி. கடலூர் மாவட்டத்தில் எங்கள் குள்ளஞ்சாவடிப் பக்கத்து முந்திரிக்கொல்லை வரப்புகளில் இருக்கிறது. இருந்தும் அதைப் பார்த்தவர்கள் குறைவு; பார்த்ததை எழுதி வைத்தவர்கள் அதிலும் குறைவு.

அந்துப்பூச்சி பார்ப்பதில் இப்போது ஒரு மோகம் வந்திருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய அந்துப்பூச்சி வாரத்தை ஜூலை மாதத்தில் நம் ஊர்களிலும் கொண்டாடுகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வாரத்தில் நடப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பெரிய பூச்சி வந்தால் கூட்டம் கூடுகிறது. கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள், செயலி ஒரு பெயர் சொல்கிறது, அந்தப் பெயரோடு வேலை முடிந்துவிடுகிறது. துணியின் ஓரத்தில் கொசு அளவில் ஒட்டிக்கொண்டிருப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் இந்தச் சின்னஞ்சிறு வகைகளும் ஏராளம்.

நான் சொல்லும் பூச்சி இறகு அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. துவரை போடும் விவசாயிகளுக்கு இந்தக் குடும்பம் தெரியும். துவரைக் காயைத் துளைக்கும் இறகுப் பூச்சி இதன் உறவு. அவரையிலும் சுரையிலும் இன்னொன்று உண்டு. இவற்றின் முன்சிறகு இரண்டாகப் பிளந்திருக்கும், பின்சிறகு மூன்றாகப் பிளந்திருக்கும். பிளவுகளின் ஓரமெல்லாம் மெல்லிய மயிர். உட்காரும்போது சிறகுகளைச் சுருட்டி இரு பக்கமும் நீட்டிக்கொள்ளும். வைக்கோல் துணுக்கு இரண்டைக் குறுக்கே வைத்தது போலத் தெரியும்.

நம் பூச்சி வாழ்வது மூக்கிரட்டைச் செடியில். அறிவியல் பெயர் மெகலோரைப்பிடா லூக்கோடாக்டைலா. பழைய புத்தகங்களில் தேடுகிறவர்கள் டிரைக்காப்டிலஸ் டிஃபெக்டாலிஸ் என்று தேட வேண்டும். அதில் டிஃபெக்டாலிஸ் என்பது 1864இல் வாக்கர் என்ற பூச்சியியலாளர் வைத்த பெயர். உலகின் வெப்ப நாடுகள் பலவற்றிலும் பரவியிருக்கும் பூச்சி. ஆனால் கடலூர் மாவட்டத்தில் எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தச் செடியில் என்று கேட்டால் கையில் எடுத்துக் காட்ட ஏடு வேண்டுமல்லவா?

ஊர், தேதி, செடி. இந்த மூன்றைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

விளக்குக்கு வந்த பழுப்பு நிற இறகுப் பூச்சியைப் படம் எடுத்தால் அது மூக்கிரட்டைப் பூச்சியா, அவரைப் பூச்சியா, புளியாரையில் வாழும் பூச்சியா என்று படத்தை வைத்து உறுதியாகச் சொல்வது கடினம். எல்லாம் சிறியவை, எல்லாம் பழுப்பு. பின்சிறகின் மூன்றாம் பிளவின் ஓர மயிரில் கறுப்புச் செதில்கள் எங்கே, எவ்வளவு இருக்கின்றன என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். அதுவும் போதாதபோது வயிற்றுப் பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தீர்ப்பு. இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. பூச்சியைத் தேடாதீர்கள், புழுவைத் தேடுங்கள்.

காலையில் வெயில் ஏறுமுன் வரப்பில் குனிந்து, தரையோடு படர்ந்த மூக்கிரட்டையின் பூங்கொத்துகளைப் பாருங்கள். பூவும் மொட்டும் கடிபட்டிருந்தால் அருகிலேயே மயிரடர்ந்த சிறு புழு ஒட்டியிருக்கும். அந்தக் கிளையை நுனியோடு கிள்ளி, துணியால் வாய் கட்டிய டப்பாவில் போடுங்கள். வாடுமுன் புதுக்கிளை வையுங்கள். புழு கூடு கட்டாது. தண்டிலோ டப்பாச் சுவரிலோ வால் நுனியை ஒட்டிக்கொண்டு வெறும் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். சில நாளில் பூச்சி வெளியே வரும். அப்போது உங்கள் கையில் ஊர் இருக்கிறது, தேதி இருக்கிறது, செடியும் இருக்கிறது. விளக்கால் ஊரையும் தேதியையும்தான் கொடுக்க முடியும். செடியைக் கொடுப்பது புழு.

எங்கள் ஊரில் கீரை பறிக்கும் பெரியம்மா ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, புழு வுழுந்த கொடிய நாங்க தூக்கிப் போடுறோம், நீ அதையே தேடித் தேடிப் பறிக்கிறியே?" விஷயத்தைச் சொன்னேன். அதன் பிறகு புழு இருக்கும் கொடி எந்தக் கொல்லையில் என்று அவரே வந்து சொல்ல ஆரம்பித்தார். மழை விட்ட எத்தனையாவது நாளில் புழு தென்படும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாவட்டத்தின் பூச்சிப் பதிவுக்கு இப்படிப்பட்ட கண்கள்தான் முதல் தேவை என்பேன்.

புழுவைத் தேடி வளர்த்துப் பார்க்கும் இந்த முறையை நான் கற்றுக்கொண்டது ஒரு பழைய மனிதரின் எழுத்திலிருந்து. தாமஸ் பெயின்பிரிக் ஃப்ளெட்சர். பிரிட்டிஷ் கடற்படையில் கணக்கு அதிகாரியாக இருந்தவர். 1905இல் இந்தியப் பெருங்கடலை ஆராயப் போன சீலார்க் கப்பலில் இருந்தார். இலங்கையில் இருந்த காலத்தில் அங்குள்ள இறகு அந்துகளை ஆராய்ந்து எழுதினார். பிறகு சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராகக் கோயம்புத்தூருக்கு வந்தார். தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய அவர் புத்தகம் 1914இல் வெளியானது. கோயம்புத்தூருக்குப் பிறகு பீகாரின் பூசாவில் இம்பீரியல் பூச்சியியலாளர் ஆனார். 1920இல் இந்தியச் சிறு அந்துகளின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்தார். அவர் எழுத்தில் என்னைக் கவர்ந்தது இதுதான்: சிறகின் வண்ணத்தோடு நின்றுவிட மாட்டார். புழு எதைத் தின்றது, கூட்டுப்புழு எங்கே இருந்தது என்று போய்ப் பார்த்திருப்பார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெய்ரிக் என்ற பள்ளி ஆசிரியர் உலகெங்கிலுமிருந்து வந்த சிறு அந்துகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள்! ஃப்ளெட்சரும் அவருக்கு மாதிரிகள் அனுப்பினார். நம் முந்திரியின் தளிர் இலையைக் கொப்புளமாக்கும் இலைத்துளைப்பானுக்குப் பெயர் வைத்தவரும் மெய்ரிக்தான். மாபெரும் உழைப்பாளி, மறுப்பதற்கில்லை. ஆனால் இனப்பெருக்க உறுப்புகளைப் பார்த்து இனம் பிரிப்பதை அவர் ஏற்கவில்லை. அவர் விட்ட இடத்தை நிரப்ப, கிளார்க் என்ற அமெரிக்கர் 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகள் வெளியிட வேண்டியிருந்தது. இருவரில் எனக்கு வேண்டியவர் யார் என்று கேட்டால் தயங்காமல் ஃப்ளெட்சர் என்பேன்.

இப்படி எழுதி வைப்பதன் பயனைப் பிரிட்டனில் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு கவுண்டிக்கும், அதாவது மாவட்டத்துக்கும், அந்துப்பூச்சிப் பதிவாளர் ஒருவர் உண்டு. வாட்சன் என்ற தாவரவியலாளர் 1852இல் அந்த நாட்டைப் பதிவுக்காக 112 வட்டங்களாகப் பிரித்தார். இன்றும் அதே வட்டங்களில் எழுதுகிறார்கள். பூச்சியைத் தின்னும் பனிப்பூண்டுச் செடியையே தின்று வளரும் இறகுப் பூச்சி ஒன்று அங்கே உண்டு. அது எந்த வட்டத்தில் இருக்கிறது, எந்த வட்டத்தில் காணாமல் போனது என்று அவர்களால் சொல்ல முடிகிறது.

நம்மால் முடியுமா? 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடிகாலையில் தானே புயல் கரை கடந்தது. கடலூர் மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எத்தனையோ வருஷத்து மரங்கள். மரத்துக்கு இழப்பீடு கணக்கிட்டார்கள். அந்தத் தோப்புகளில் எந்தெந்த அந்துகள் இருந்தன, புயலுக்குப் பின் எவை திரும்பின என்று யாரால் கணக்குச் சொல்ல முடியும்? புயலுக்கு முன் எழுதி வைத்திருந்தால் அல்லவா சொல்ல முடியும்! மேற்கே நெய்வேலியில் சுரங்கம் விரிகிறது. வரப்புகள் மனைகளாகின்றன. மூக்கிரட்டையைக் களை என்று மருந்தடித்துக் கருக்குகிறார்கள். இந்த வரப்பும் நாளை இருக்குமா என்று ஒவ்வொரு மழைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

2019இல் தமிழ்நாடு அரசு தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அதன் படம் இன்று பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அந்த அக்கறையில் கொஞ்சம் இந்தச் சிறு பூச்சிகளுக்கும் வேண்டும் என்று கேட்கிறேன்.

குறிஞ்சிப்பாடி, வடலூர், குள்ளஞ்சாவடி, பண்ருட்டிப் பக்கத்து ஆசிரியர்களே, வேளாண்மை படிக்கும் பிள்ளைகளே, அடுத்த மழைக்குப் பிறகு வரப்பில் குனிந்து பாருங்கள். புழு கிடைத்தால் வளர்த்துப் பாருங்கள். வெளிவந்த பூச்சியைப் படம் எடுங்கள்; ஒன்றிரண்டைக் காயவைத்துக் காகிதப் பொட்டலத்தில் வையுங்கள். கூடவே சீட்டில் அழியாத மையால் ஊர், தேதி, செடி மூன்றையும் எழுதுங்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் புலம் இருக்கிறது, விருத்தாசலத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். சீட்டு எழுதாத பூச்சியை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.