கால்பந்துக் களமும் கல்விக் கூடமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வத்தலக்குண்டு வட்டாரத்தில் அறுவடை முடிந்த வயல்களிலும் தென்னந்தோப்பு ஓரங்களிலும் மாலை வேளைகளில் நம் பிள்ளைகள் பந்தாடுவதை நாம் காண்கிறோம். "படிக்கிற பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. "ஆட்டம் இருக்கையில் படிப்பு எதற்கு?" என்று கேட்கும் இளைஞரும் உண்டு. இவ்விரு கேள்விகளுக்கும் ஒரு கால்பந்தாட்ட வீரரின் வாழ்விலிருந்து விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

விளையாட்டுக் களம் நம்மவர்க்கு எளிதில் திறந்த கதவு அன்று. ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த பல்வங்கர் பாலூ என்னும் கிரிக்கெட் வீரர், 1911ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் இடம்பெற்று நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்தகைய வீரருக்குப் புனே நகரில் ஆட்ட இடைவேளையின்போது வெளியே நிறுத்தி மண்குவளையில் தேநீர் தந்தார்கள். அவர் வீசிய பந்தைத் தொட்ட கைகள் அவரைத் தொடக் கூசின. அணித் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல் இந்து அணியின் தலைவரானபோதுதான் அக்கதவு திறந்தது. இவ்வரலாற்றை அறிந்தவர்க்கே ஒரு பந்தின் அருமை புரியும்.

இனி நம் காலத்திற்கு வருவோம். வடசென்னையில் உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் பகுதி வியாசர்பாடி. அங்கே உமாபதி, தங்கராஜ் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினர். அச்சங்கத்தின் பெயரிலேயே விளையாட்டும் கல்வியும் இணைந்து நிற்கின்றன. பந்தைத் தேடி வந்த சிறுவரைப் பள்ளியோடும் பிணைத்து வைப்பதே அவர்கள் மேற்கொண்ட பணி. அந்த மண்ணிலிருந்து எழுந்தவர்தாம் 1994இல் பிறந்த தன்பால் கணேஷ். சென்னை லீக் ஆட்டங்களில் தேறிப் புனே அணிக்குச் சென்று, பின்னர் சென்னையின் எஃப்.சி. அணியில் நடுக்கள வீரராக விளங்கினார்.

நடுக்கள வீரரின் பணி யாது? கோல் அடிப்பவரின் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். கோலைத் தடுத்தவரின் படமும் வரும். இவ்விருவருக்கும் இடையே நின்று, எதிரியின் காலிலிருந்து பந்தை மீட்டு, முன்னிற்கும் தோழனுக்கு உரிய நேரத்தில் அளிப்பவர் நடுக்கள வீரர். 90 நிமிட ஆட்டத்தில் அவர் 10 கிலோமீட்டருக்கும் மேலாக ஓட நேரும். அவ்வோட்டத்தின் பெரும்பகுதி பந்து இல்லாமலே ஓடும் ஓட்டம். பிறர் விட்ட இடத்தை நிரப்புவதற்காக ஓடுவது அது.

2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் சென்னையில் நடந்தது. கோவா அணியைச் சென்னையின் அணி 3–0 என்று வென்றது. அம்மூன்றில் ஒரு கோல் கணேஷ் அடித்தது. அடுத்து மார்ச்சு 17இல் பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் பெங்களூரு அணியை 3–2 என்று வென்று சென்னையின் அணி கோப்பையைக் கைப்பற்றியது.

ஆனால் இளைஞர்களே, அதன் பின் நிகழ்ந்ததையும் கேளுங்கள். கோப்பை வென்ற சில திங்களில் அவருடைய முழங்காலில் காயம் நேர்ந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவரால் களமிறங்க இயலவில்லை. தொழில்முறை ஆட்டக்காரரின் காலம் குறுகியது. பெரும்பாலோர்க்கு அது 35 வயதிற்குள் முடிந்துவிடும். அதையும் ஒரு காயம் பாதியில் நிறுத்திவிடக்கூடும். மனித வாழ்வோ அதனினும் மிக நீண்டது. எஞ்சிய ஆண்டுகளுக்குத் துணை எது என்று முன்கூட்டியே எண்ண வேண்டாமா?

அதற்கு விடையாக மற்றொரு நடுக்கள வீரரைக் காட்டுகிறோம். அவர் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என்று வென்று, தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியக் கோப்பையைப் பெற்றபோது அவ்வணியில் ஆடியவர். 2019இல் நம் அண்டை நகராம் மதுரையின் சேது அணி, லூதியானாவில் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றபோதும் அதில் ஆடியவர். அதே ஆண்டு தெற்காசியக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். இவ்வளவும் செய்தவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணி பெற்றார். 2020இல் கொரோனாத் தொற்றால் ஆடுகளங்கள் மூடிக்கிடந்தபோது, சீருடை அணிந்து சென்னைத் தெருக்களில் கடமையாற்றினார். பந்து நின்றபோதும் அவர் வாழ்வு நிற்கவில்லை.

தமிழ்நாடு அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கென 3 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளது. அதைப் பெறுவதற்கு வெற்றிச் சான்றிதழோடு, அந்தந்தப் பணிக்கு உரிய கல்வித் தகுதியும் வேண்டும். பத்தாம் வகுப்பில் படிப்பை விட்டவனிடம் எத்தனை கோப்பைகள் இருந்தாலும், பட்டம் கேட்கும் பணிக்கு அவன் விண்ணப்பிக்க முடியாது. ஆட்டம் கதவைக் காட்டும். உள்ளே செல்லும் அனுமதிச் சீட்டைக் கல்வியே தரும்.

ஆகவே நம் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். நம் மாலை வகுப்புகளுக்கு முன்னர் ஒரு மணி நேரம் விளையாட்டுப் பயிற்சி நடைபெறட்டும். அப்பயிற்சியில் பெண் பிள்ளைகளுக்கும் சம இடம் இருக்கட்டும், "ஊர் என்ன சொல்லும்?" என்று அஞ்சும் தாய்மார்கள் இந்துமதியை நினைத்துக்கொள்ளட்டும். வகுப்புக்கு வராதவருக்குக் களத்தில் இடமில்லை என்னும் விதியை இளைஞர்களே வகுத்துக்கொள்ளட்டும்.

நம் கழகத்தின் 25 ஆண்டு வரலாறும் நடுக்கள ஆட்டம் போன்றதே. விடுதி விண்ணப்பங்களை எழுதித் தந்தவர்கள், சான்றிதழ் பெறப் பிள்ளைகளுடன் அலுவலகம் அலுவலகமாக நடந்தவர்கள், கூலி வேலை முடித்து வந்து இரவில் பாடம் சொன்னவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்த நாளிதழிலும் வந்ததில்லை. அவர்கள் மீட்டுத் தந்த பந்து இப்போது உங்கள் காலடியில் இருக்கிறது, இளைஞர்களே. அதைத் தவறவிடாதீர்கள், உங்களுக்குப் பின்னால் ஓடிவரும் தம்பி தங்கையருக்கு உரிய நேரத்தில் அளியுங்கள்.